வெள்ளைத்தாடிக்குப் பன்னிரண்டு பட்டன்

என் கடை தையல் மெஷின் பழுது பார்க்கும் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளறையில் இருக்கும் பெரிய மேசையிலிருந்து ஸ்க்ரூ, பாபின், எண்ணெய்க் குப்பி எல்லாவற்றையும் ஒதுக்கித் துடைத்துவிடுவேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் மூன்று பேர் ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வருவார்கள். பஸ் ஓட்டும் என் தம்பி. பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் அவன் மனைவி. பக்கத்துக் கடை பேக்கரி மாஸ்டர், கையில் ஒரு பை நிறைய பன்னோடு.

நாங்கள் விளையாடுவது கதை விளையாட்டு. கதையை நான் சொல்வேன். அதற்குள் அவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நடமாடுவார்கள். "உங்க முன்னால ஒரு பாலம் இருக்கு" என்று நான் சொன்னால், என்ன செய்வது என்று அவர்கள் சொல்ல வேண்டும். முடியுமா, முடியாதா என்று சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். தம்பியின் பாத்திரம் சுண்டெலி என்ற திருடன்; எந்தப் பூட்டையும் திறந்துவிடுவான். மாஸ்டருடையது மதில் என்ற வீரன். மதிலுக்குத் தெரிந்த ஒரே வழி முட்டுவது. தம்பி மனைவி எழுபது வயதுக் கிழ வைத்தியர், பெயர் வெள்ளைத்தாடி. ஏன் கிழவர் என்று கேட்டால், "வாரம் பூரா 'சிஸ்டர், சிஸ்டர்'னு கூப்பிடறாங்க அண்ணி. ஒரு நாளாவது யாராச்சும் 'ஐயா'ன்னு கூப்பிடட்டும்" என்பாள்.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது சண்டையல்ல, சண்டைக்குப் பிறகு வரும் கணக்கு. ஒரு பாத்திரம் ஆபத்தைத் தாண்டினால் அதற்கு அனுபவப் புள்ளி உண்டு. புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும். மற்றவர்கள் இதைத் தாளில் எழுதி வைப்பார்கள். எங்கள் மேசையில் சட்டைப் பட்டன். ஆளுக்கொரு எவர்சில்வர் தம்ளர், பொதுவாக ஒரு பட்டன் டப்பா. எந்த ஆபத்துக்கு எத்தனை பட்டன் என்பதை ஆட்டத்துக்கு முன்பே நான் முடிவு செய்துவிடுவேன். நடுவில் ஏற்றவும் மாட்டேன், இறக்கவும் மாட்டேன். ஆபத்தைத் தாண்டியதும் அந்தப் பட்டன்கள் சமமாகப் பிரிந்து தம்ளர்களில் விழும். எண்ணில் புள்ளி ஏறுவது கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். பட்டன் விழுந்தால் காதுக்கும் கேட்கும். ஒருமுறை அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டவர்கள் தாளுக்குத் திரும்ப மாட்டார்கள்.

மூன்றாவது லெவலிலிருந்து நான்காவதுக்கு நாற்பது பட்டன். நாற்பது சேர்ந்ததும் அவற்றை டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட்டு, பதிலுக்கு ஒரு பெரிய கோட்டுப் பட்டனை அவரவர் தோள்பை வாரில் நானே மெஷினில் தைத்துக் கொடுப்பேன். அன்றிலிருந்து அந்தப் பாத்திரத்துக்கு உயிர் கூடும், புதிதாக ஒரு வித்தை வரும். ஆனால் உடனே வராது. பாத்திரம் பத்திரமான இடத்தில் ஓர் இரவு முழுக்கத் தூங்கி எழ வேண்டும். ஏன் தூக்கம் என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளும் அன்றைக்குக் கை தடுமாறும். மறுநாள் காலையில் அதே கை தானாகப் போகும். நீங்களே பார்த்திருப்பீர்கள். கைக்குப் பழகிவிட்டால் பிறகு மூளை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

இன்னொரு விதி இருக்கிறது. மதிலுக்கு முன்பு மாஸ்டர் வைத்திருந்த வீரன் ஒரு கிணற்றில் விழுந்து செத்தான். அன்றைக்கு மாஸ்டர், "கிணத்துக்குள்ள இருந்தாலும் நான் உங்க கூடத்தானே இருக்கேன், என் பங்கைப் போடுங்க" என்று அடம்பிடித்தார். தம்பிதான் மேசையைத் தட்டி மறுத்தான். "உசுரோட இருக்கறவன்தான் எதையும் கத்துக்குவான். செத்தவனுக்குப் பங்கு கிடையாது." அதுவே விதியாகிவிட்டது. அதற்கு ஈடாக நான் ஒரு பதவியை உண்டாக்கினேன். பாத்திரம் செத்துப்போனவர் பட்டன்காரர். டப்பா அவர் கையில் இருக்கும். பட்டனைப் போடுபவர் அவர். தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்பவரும் அவரே. அவருக்கு ஆதாயம் ஒன்றும் இல்லையே, அதனால். அவருடைய தம்ளர் மட்டும் அலமாரிக்குப் போய்விடும்.

போன ஞாயிறு சுண்டெலி செத்துப்போனான். பாழடைந்த கோட்டையில் ஓர் இரும்புப் பெட்டி. பூட்டில் விஷ ஊசி. தம்பி உருட்டிய பகடையில் விழுந்தது ஒன்று. மூன்று வருடம் வளர்த்த பாத்திரம். தம்ளரில் முப்பத்தொன்பது பட்டன். இன்னும் ஒன்று விழுந்திருந்தால் நான்காவது லெவல். "ஒரே ஒரு பட்டன்ல போச்சு" என்று வாரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தானாம். டெப்போவில் கண்டக்டர்கூடத் துக்கம் விசாரித்திருக்கிறார்.

ஒரு வழி இருந்தது. எங்கள் விளையாட்டில் செத்தவரை மூன்றாவது விடியலுக்குள் எழுப்பலாம். எழுப்பும் மந்திரம் வைத்தியருக்கு நான்காவது லெவலில் கிடைக்கும். வெள்ளைத்தாடியின் தம்ளரில் இருபத்தெட்டு. இன்னும் பன்னிரண்டு வேண்டும். கதையில் மிச்சமிருந்தது ஒரு பகலும் ஓர் இரவும். பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டு சேர்ந்தால், இரவு தூங்கி, லெவல் ஏறி, விடியலில் மந்திரம் சொல்லலாம். சேராவிட்டால் சுண்டெலி போனவன் போனவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒருவருக்கு எட்டுப் பட்டன் கிடைத்தால் பெரிய விஷயம். தம்பிக்கு அது தெரியும்.

"இன்னொரு ஆளை உருவாக்கிக்கலாம்டா" என்று இந்த ஞாயிறு ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிப் பார்த்தேன்.

"வேணாம்க்கா. சுண்டெலி இல்லன்னா ஞாயித்துக்கிழமை டூட்டி கேட்டு வாங்கிக்கறேன். ரெட்டைச் சம்பளமாவது கிடைக்கும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் போனால் அவளும் வரமாட்டாள். மாஸ்டரை மட்டும் வைத்துக்கொண்டு நான் யாருக்குக் கதை சொல்வது.

அவன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தான். அவனுடைய தம்ளர் மற்ற இரண்டுக்கும் பக்கத்திலேயே இருந்தது. அலமாரிக்கு எடுத்துப் போக அவனுக்கு மனசு வரவில்லை. எடுத்து வை என்று சொல்ல எங்களுக்கும் வாய் வரவில்லை.

மதில் சுண்டெலியைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டான். கோட்டையிலிருந்து மலை உச்சி மடத்துக்குப் போக வேண்டும். பத்திரமாகத் தூங்க அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் இடம். அங்கே போகப் பல வழிகள் வைத்திருந்தேன். எதில் போவார்கள், எவ்வளவு சேரும் என்று எனக்கே தெரியாது.

முதலில் பாலம்.

"பாலத்துக்கு நடுவுல ஒரு பூதம் உக்காந்திருக்கு. கையில வேரோட புடுங்கின மரம். ஒரு கன்னம் மட்டும் பூசணிக்கா மாதிரி வீங்கியிருக்கு" என்றேன்.

மாஸ்டர் பகடையை எடுத்துவிட்டார். "மதில் முட்டறான்."

"இருங்க மாஸ்டர்" என்று தம்பி மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "அண்ணி, எந்தக் கன்னம்?"

"இடது."

"எப்ப வலி ஜாஸ்தின்னு கேக்கறேன்."

இதை நான் தயாரித்து வைக்கவில்லை. "பூதம் யோசிக்குது. 'படுத்தாத்தான் உசுரு போகுது'ங்குது."

"சீழ் வெச்சிருக்கு. எடுத்துடலாம். மதில், அவரு தாடையைப் புடிச்சுக்கங்க."

"முட்டலாம்னு வந்தவனை கம்பவுண்டர் ஆக்கிட்டியேம்மா" என்றார் மாஸ்டர். ஆனாலும் தாடையைப் பிடித்துக்கொண்டார். நிஜமாகவே இரண்டு கையையும் காற்றில் அகட்டி வைத்துக்கொண்டு. அவள் பகடையை உருட்டினாள். பதினேழு. பல் வந்துவிட்டது. பூதம் கண்ணீரோடு வழிவிட்டது.

"சண்டையே நடக்கலையே. பட்டன் உண்டா?" என்று பட்டன்காரரைக் கேட்டேன்.

தம்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "பட்டன் ஆபத்தைத் தாண்டறதுக்கு, அடிக்கறதுக்கு இல்ல. தாண்டியாச்சு. முழு ஆறும் உண்டு."

கை டப்பாவுக்குப் போய்த் திரும்பியது. டிங் டிங். டிங் டிங். டிங் டிங்.

"முப்பது" என்றாள் அவள்.

அடுத்து குறுக்குவழிச் சுரங்கம். வாசலில் இரும்புக் கதவு, அதில் பூட்டு. பூட்டு என்றாலே மூன்று வருடமாக ஒரே ஆளைத்தான் பார்ப்போம். மூன்று பேரும் பார்த்தோம்.

"என்னை ஏன் பாக்கறீங்க? நான் சாக்குல இருக்கேன்" என்றான் தம்பி.

"அப்ப மதில் முட்டறான்" என்றார் மாஸ்டர், நீண்ட நேரம் காத்திருந்தவரின் நிம்மதியோடு.

கதவு உடைந்தது. அந்தச் சத்தம் மலை முழுக்கக் கேட்டது; ஓநாய்கள் வந்தன. இருவரும் சாக்கை இழுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் ஓடி, உடைந்த கதவையே அணை கொடுத்துத் தப்பித்தார்கள். மாஸ்டர் ஓடுவதை விவரித்தபோது அவருக்கே மூச்சு வாங்கியது.

"ஓநாய்கிட்ட இருந்து தப்பிச்சோமே, அதுக்கு?" என்றாள் தம்பி மனைவி.

"அந்த ஓநாயைக் கூப்பிட்டதே நீங்கதான். சும்மா இருந்த ஆபத்தைத் தட்டி எழுப்பிட்டு அதுக்குப் பட்டன் கேட்டா எப்படி? கிடையாது."

"ஏங்க, எனக்காகவா கேக்கறேன்? உங்க உசுருக்குத்தானே."

"என் உசுருன்றதாலதான் சொல்றேன். நாளைக்கு எவனும் இவன் பொண்டாட்டி கையால ஓசியில எழுந்தவன்னு சொல்லக்கூடாது."

"வீட்டுல ஒரு தட்டைக் கழுவச் சொன்னா இந்த நேர்மையைக் காணோம்" என்று அவள் பன்னைப் பிய்த்தாள்.

சுரங்கத்துக்குள் ரத்தம் குடிக்கும் வௌவால் கூட்டம். வெள்ளைத்தாடி தன் தாடியிலேயே நெருப்பு வைத்துக்கொண்டு அவற்றை விரட்டினார். என்னால் நம்ப முடியவில்லை. "தாடி போயிடும்" என்று எச்சரித்தேன். "தாடி வளரும் அண்ணி" என்றாள். ஆறு பட்டன். டிங் டிங், டிங் டிங், டிங் டிங். முப்பத்திரண்டு.

மலை உச்சியில் வெளிச்சம் மங்கும் நேரத்தில் மடத்து வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். வாசலில் காவலுக்கு நின்றது ஒரு கற்சிலை. அன்றைய வழியிலேயே பெரிய ஆபத்து அதுதான், பன்னிரண்டு பட்டன். அதை வைக்கும்போதே, இருவரால் முடியாது என்று நினைத்துத்தான் வைத்தேன்.

சிலைக்குப் பல் இல்லை, வலியும் இல்லை. மதில் முட்டினான், சிலை திருப்பி முட்டியது. மாஸ்டரின் உயிர்க்கணக்கு சரசரவென்று இறங்கி ஒன்றில் வந்து நின்றது. வெள்ளைத்தாடியிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு குணமாக்கும் மருந்து. அதை மதிலுக்குக் கொடுத்தால் அவருக்கு இல்லை. அவள் யோசிக்கவே இல்லை. "மாஸ்டர் வாயைத் திறங்க" என்றாள். மாஸ்டர் நிஜமாகவே வாயைத் திறந்தார்.

"இப்ப மதில் சிலையைத் தூக்கிப் பள்ளத்துல போடறான்" என்றார்.

"இருபது விழுந்தாத்தான் நடக்கும்" என்றேன்.

மாஸ்டர் மாவு பிசையும் கையால் பகடையை மூடிக் குலுக்கினார். தம்பி டப்பாவை இறுகப் பிடித்திருந்தான். பகடை மேசையில் உருண்டு, எண்ணெய்க் குப்பியில் மோதி, ஒரு முனையில் சுழன்று, படுத்தது. இருபது.

பேக்கரியில் வேலை செய்பவர்கள் என்ன சத்தம் என்று ஷட்டருக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாஸ்டர் நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தார். தம்பியின் கை நாலு, நாலு, நாலு என்று பட்டன்களைப் போட்டது.

அவள் தம்ளரைக் கவிழ்த்து எண்ணினாள். சிரிப்பு மெதுவாக நின்றது. மறுபடி எண்ணினாள்.

"முப்பத்தாறு."

பொழுது சாய்ந்துவிட்டது என்று நான் சொல்ல வேண்டும். சொன்னேன். என் கை தானாக டப்பாப் பக்கம் போயிற்று. நாலே பட்டன். என் கடைப் பட்டன், என் கதை, என் தம்பி. அவன் டப்பாவை மூடியால் மூடிவிட்டான்.

"வேணாம்க்கா. இப்ப ஓசியில வாங்கினா, முன்னாடி வாங்கின பட்டன் எல்லாம் வெறும் பட்டன் ஆயிடும்."

மாஸ்டர் நாற்காலியிலிருந்து இறங்கினார். நிரந்தரமாகச் செத்தவரின் பட்டன்கள் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். அதுவும் பட்டன்காரர் வேலைதான். தம்பி தன் தம்ளரை எடுத்தான். அப்படியே கொட்ட அவனுக்கு மனமில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணி, மூடி மேல் வைத்தான். முப்பத்தேழு. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அவன் தம்ளருக்குள் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அக்கா, இதுல இன்னும் இருக்கு."

"எது?"

"பட்டன். ஒண்ணு, ரெண்டு... எட்டு இருக்கு."

ஒரு நொடி நால்வரும் மேசையில் வரிசையாக இருந்த மூன்று தம்ளர்களையும் பார்த்தோம். எனக்கு முதலில் புரிந்தது காதில்தான். டிங் டிங், டிங் டிங், டிங் டிங். நாள் முழுக்க மூன்று முறை. ஆடியவர்கள் இருவர்.

"டேய், உனக்கும் போட்டுக்கிட்டியா?" என்றேன்.

"நான் போடலக்கா. கை போட்டிருக்கு." அவன் தன் வலது கையை வேறு யாருடையதோ போலத் திருப்பிப் பார்த்தான். மூன்று வருடமாக மூன்று தம்ளர் சத்தத்தைக் கேட்டுப் பழகிய மேசை. அவன் கைதான் தப்பு செய்தது என்றில்லை; எங்கள் காதும் அதையே எதிர்பார்த்தது. தம்ளர் அலமாரிக்குப் போயிருந்தால் பாலத்திலேயே பிடிபட்டிருக்கும்.

மாஸ்டர் மெதுவாகத் தலையாட்டினார். "சாக்குக்குள்ள கால் நீட்டிப் படுத்துக்கிட்டே எங்க கூலியில பங்கு வாங்கியிருக்கான். நான் அன்னிக்குக் கிணத்துல இருந்து கேட்டப்ப மேசையைத் தட்டினது யாரு?"

"நான்தான் மாஸ்டர்."

"என்ன சொன்னே?"

"செத்தவனுக்குப் பங்கு கிடையாது."

"அப்ப எடு எங்க பங்கை."

எட்டு. இருவருக்கு நாலு நாலு. எல்லாருக்கும் கணக்கு ஒரே நேரத்தில் வந்துவிட்டது. தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் தம்பி நகரவில்லை.

"பொழுது சாஞ்சிருச்சேக்கா. சாஞ்சப்புறம் பட்டன் போடலாமா? எனக்கு ஆதாயம் இருக்கு, நான் தீர்ப்பு சொல்ல முடியாது. மாஸ்டர் சொல்லட்டும்."

மாஸ்டர் பன்னைக் கீழே வைத்தார். "தம்பி, ஒருத்தர் காலையில பணம் கட்டி ரொட்டி சொல்லிட்டுப் போறாரு. பையன் அதை வேற வீட்டுல குடுத்துட்டு வந்துடறான். ராத்திரி திருப்பி வாங்கி வந்து குடுத்தா, அது ராத்திரி வாங்கின ரொட்டியா? காலையிலேயே அவரு ரொட்டிதானே. போடுடா பட்டனை."

டிங், டிங், டிங், டிங். நாற்பது.

"எனக்கும் நாலு வந்திருக்கு. அதை ஒருத்தரும் கண்டுக்கல" என்றார் மாஸ்டர்.

நான் அதற்குள் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஊசியில் நூல் கோக்க மூன்று முறை முயல வேண்டியிருந்தது. இருபது வருடத் தொழிலில் அப்படி நடந்ததில்லை. அவள் தோள்பை வாரில் நான்காவது லெவலுக்கான கோட்டுப் பட்டன் ஏறியது. கருநீலம், அவளே பொறுக்கியது. மதில் மடத்தின் கதவுக்குக் குறுக்கே படுத்துக்கொள்ள, வெள்ளைத்தாடி கருகிய தாடியோடு ஓர் இரவு முழுக்கத் தூங்கினார். மூன்றாவது விடியல்.

"புது வித்தை ஒண்ணு எடுத்துக்கலாம்" என்று விதிப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவள் விரலால் வரி வரியாகப் படித்தாள். "அண்ணி, இந்த நெருப்பு மழைகூட நல்லா இருக்கே."

தம்பியின் காது சிவந்தது.

"வௌவாலுக்குத் தாடியை எரிக்க வேண்டியிருக்காது பாருங்க. எதிர்காலத்துக்கு உபயோகமா இருக்கும்."

"ஏய்" என்றான் தம்பி.

"ஐயான்னு கூப்பிடுங்க."

அவன் அவளைப் பார்த்தான். மாஸ்டரைப் பார்த்தான். "ஐயா."

"தட்டு யார் கழுவறது?"

"நான் கழுவறேன், ஐயா."

"எழுப்பும் மந்திரம் எடுத்துக்கறேன் அண்ணி."

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டியிருந்தது. செத்து எழுபவருக்கு லெவல் போகாது. ஆனால் தம்ளர் காலியாகிவிடும். அந்த லெவலில் சேர்த்ததையெல்லாம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். வாரம் முழுக்க ஒரு பட்டனுக்காகப் புலம்பியவனிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டே சொன்னேன். நான் முடிப்பதற்குள் அவன் மூடி மேலிருந்த முப்பத்தொன்பதையும் டப்பாவுக்குள் சரித்துவிட்டான். மழை மாதிரி ஒரு சத்தம். காலித் தம்ளரை மற்ற இரண்டின் பக்கத்தில் நிறுத்தி, டப்பாவை என்னிடம் நீட்டினான். பட்டன்காரர் பதவி முடிந்தது.

"மடத்து ஜன்னல் வழியா முதல் வெளிச்சம் விழுது" என்றேன். "வெள்ளைத்தாடி சாக்கைப் பிரிச்சு, நெத்தியில கை வெக்கிறாரு. ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. சுண்டெலி கண்ணைத் திறக்கறான். முதல் வார்த்தை என்ன சொல்றான்?"

தம்பி முன்னால் சாய்ந்து இரண்டு கையையும் மேசை மேல் ஊன்றிக்கொண்டான். வாரம் முழுக்க அவன் இதை யோசித்து வைத்திருக்கிறான் என்று முகத்திலேயே தெரிந்தது.

"அந்தப் பெட்டியில என்ன இருந்துச்சு?"

மாஸ்டரும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதை எவன் திறந்தான்?" என்றார் மாஸ்டர். "நீ செத்த சோகத்துல அப்படியே விட்டுட்டு வந்துட்டோம்."

தம்பி பகடையை எடுத்துக் கையில் உருட்டினான். "அப்ப திரும்பிப் போலாம், வாங்க."